கழுத்து தொங்காத மைக் ஸ்டாண்ட்

கேள்வி இதுதான். ஊர்ப் பஜனைக் குழுவுக்கு ஆறு மைக் ஸ்டாண்ட் வேண்டும். கையில் இருப்பது 12,000 ரூபாய். போன மார்கழிக்கு வாங்கிய நான்கு பூம் ஸ்டாண்டுகளும், அதாவது நேர்க்கம்பியின் மேல் மைக்கை முன்னால் நீட்டும் குறுக்குக்கம்பி வைத்த ரகம், ஒரே வருஷத்தில் கழுத்து தொங்கிவிட்டன. பாடுகிறவர்கள் இரண்டு பேர், ஆர்மோனியம் ஒன்று, மிருதங்கத்துக்கு இரண்டு பக்கமும் மைக், அப்புறம் விசேஷ நாட்களில் நின்று பேசும் சொற்பொழிவாளர் ஒருவர். ஆக ஆறு. "விலை குறைவாக, ஆனால் உறுதியாக, எந்தக் கம்பெனி வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கம்பெனிப் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். அந்த நான்கும் ஏன் தொங்கின என்று பார்க்காமல் வேறு பெயர் போட்ட ஆறு வாங்கினால், அடுத்த மார்கழிக்கும் இதே கதைதான்.

உங்கள் குழுவில் ஐந்து மைக் தரையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. சம்மணமிட்டு உட்காரும் ஒருவரின் வாய், தரையிலிருந்து ஏறக்குறைய 65 அல்லது 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். கடையில் 'பூம் ஸ்டாண்ட்' என்று கேட்டால் எடுத்துத் தருவது நின்று பாடுகிறவர்களுக்கான உயரமான ரகம். அதை எவ்வளவு இறக்கினாலும் நடுக்கம்பி 90 சென்டிமீட்டருக்குக் கீழே வராது. அதாவது, பாடுகிறவரின் தலையைவிட உயரத்தில் கழுத்து இருக்கும். அங்கிருந்து மைக்கை வாய்க்குக் கொண்டுவர என்ன செய்வீர்கள்? பூம் கம்பியை முழுசாக நீட்டி, கீழ்நோக்கிச் சாய்த்து வைப்பீர்கள். மிருதங்கத்துக்கு இன்னும் மோசம், அது தரையோடு தரையாக இருக்கிறது. தினமும் காலையில் இரண்டு மணி நேரம், தாங்கமுடியாத நிலையில் அந்தக் கழுத்தை நிறுத்திவைத்திருக்கிறீர்கள். ஸ்டாண்ட் மட்டமாகவும் இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் நல்ல ஸ்டாண்டாக இருந்திருந்தாலும் அந்த வேலைக்கு அது ஆகாது.

அதனால் முதல் முடிவு: ஐந்து குட்டை ஸ்டாண்ட், ஒரே ஒரு நெட்டை ஸ்டாண்ட். குட்டை ரகம் நடுக்கம்பி 40இலிருந்து 65 சென்டிமீட்டர் வரை ஏறி இறங்கும். சின்ன பூம் கம்பியோடு வரும். கிக் டிரம்முக்கும் கிதார் ஆம்ப்ளிஃபயருக்கும் வைப்பதற்காகச் செய்யப்பட்டது. கச்சேரி மேடையில் உட்கார்ந்து பாடுகிற நம் ஆட்களுக்கும் அதுதான் அளவாக அமைகிறது. கடைக்காரர் "அதெல்லாம் டிரம்முக்கு சார்" என்பார். பரவாயில்லை, அதையே கொடுங்கள் என்று சொல்லுங்கள்.

இப்போது கழுத்துக்கு வருவோம். பூம் ஸ்டாண்டில் முதலில் உயிரை விடுகிற இடம் அதுதான். நேர்க்கம்பியும் குறுக்குக்கம்பியும் சேரும் இடத்தில் இரண்டு தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். நடுவில் ஒரு வாஷர். வெளியே கையால் திருகுகிற ஒரு பிடி. மொத்த மைக்கையும் தூக்கி நிறுத்துவது அந்தத் தட்டுகளின் உராய்வு ஒன்றுதான். எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய ஷூர் எஸ்எம்58 மைக்கின் எடை 298 கிராம். அதை 70 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கவிட்டால் கழுத்தின் மேல் விழும் முறுக்கு, ஒரு சாண் தள்ளி ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தொங்கவிட்டதற்குச் சமம். கம்பியின் சொந்த எடை அப்புறம், ஒயரின் எடை அப்புறம். யூடியூப்காரர்கள் வைத்திருக்கும் எஸ்எம்7பி மாதிரி கனமான மைக் என்றால் 765 கிராம். அது இதைப்போல இரண்டரை மடங்கு.

கழுத்தில் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, அந்தப் பாகம் வார்த்த உலோகமா, பிளாஸ்டிக்கா? கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். விரல் நகத்தால் தட்டினால் சத்தம் சொல்லிவிடும். கன்னத்தில் வைத்தால் உலோகம் சில்லென்று இருக்கும். இரண்டு, திருகுகிற பிடிக்குள் நட்டு எப்படி உட்கார்ந்திருக்கிறது? மலிவான ரகத்தில் பிளாஸ்டிக் பிடிக்குள் நட்டை அழுத்திப் புதைத்திருப்பார்கள். நாலு தரம் பலமாக இறுக்கினால் பிளாஸ்டிக் விரிந்து, பிடி மட்டும் சுற்றும், நட்டு அசையாது. தொங்கும் கழுத்துகளில் பலது உண்மையில் இந்தக் கோளாறுதான். மூன்று, அந்தக் கழுத்தை ஸ்பானரோ ஸ்க்ரூடிரைவரோ வைத்துக் கழற்ற முடிகிறதா? ரிவெட் அடித்து மூடியிருந்தால் அது பழுதாகும் அன்று குப்பை. கழற்ற முடிந்தால் ஐந்து ரூபாய் வாஷரில் இன்னும் இரண்டு வருஷம் ஓடும். நான் 800 ரூபாய் ஸ்டாண்டைவிட 1,300 ரூபாய் ஸ்டாண்ட் மலிவு என்று சொல்வது இந்த மூன்றாவது விஷயத்துக்காகத்தான்.

ஒரு முறை ஒரு கோயில் மண்டபத்தில் சொற்பொழிவு. மைக் செட் என்னுடையது, ஸ்டாண்ட் மட்டும் அவர்கள் வாங்கி வைத்திருந்த புத்தம்புது ஸ்டாண்ட். நானும் சரி என்று விட்டுவிட்டேன். ஆரம்பிக்கும்போது வாய்க்கு நேராக இருந்த மைக், பத்து நிமிஷத்தில் மார்புக்கு வந்தது. பேசுகிறவர் பெரியவர், பேச்சை நிறுத்த மனமில்லாமல் மைக்கோடு சேர்ந்து குனிந்துகொண்டே போனார். கூட்டத்தில் பாதிப் பேர் அது ஏதோ பக்தி பாவம் என்று நினைத்திருக்கிறார்கள். நான் மிக்ஸரை விட்டு எழுந்து ஓடிப்போய்ப் பிடியை இறுக்கினேன், பிடி சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் துணிக் கயிறு வாங்கிக் கட்டினேன்.

சரி, கால். மூன்று கால் ஸ்டாண்டைப் பற்றிப் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கால் நுனி மையத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பூம் கம்பி ஒரு காலுக்கு நேர் மேலே நீண்டிருந்தால், ஸ்டாண்ட் கவிழ அந்த 30 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டும். அதே கம்பி இரண்டு கால்களுக்கு நடுவில் நீண்டிருந்தால், கவிழும் கோடு மையத்திலிருந்து 15 சென்டிமீட்டரிலேயே வந்துவிடுகிறது. சரிபாதி! ஸ்டாண்ட் அதேதான், மைக் அதேதான். காலைத் திருப்பி வைத்ததில் உறுதி பாதியாகிவிட்டது. யாராவது ஒயரில் கால் தடுக்கினால் போதும். ஆகவே ஸ்டாண்டை வைக்கும்போது ஒரு கால் பாடுகிறவரைப் பார்த்து, பூமுக்கு நேர் கீழே இருக்கட்டும். இதற்குக் காசே செலவில்லை.

வாங்கும்போது கால்களை முழுசாக விரித்து, நடுக்கம்பியைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். கால்களைப் பிடித்திருக்கும் மையப் பாகம்தான் இங்கே முக்கியம். அது பிளாஸ்டிக்காக இருந்தால் கால் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடும். இன்றைக்குக் கொஞ்சம் ஆடினால் ஆறு மாதத்தில் நிறைய ஆடும். குழாயின் கனத்தைக் கடையில் அளக்க முடியாது. மொத்த எடையைத் தூக்கிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நெட்டை பூம் ஸ்டாண்ட் இரண்டு கிலோவுக்குக் கீழே இருந்தால் எனக்குப் பிடிக்காது. மூன்று கிலோ என்றால் நிம்மதி. இணையத்தில் வாங்கினால் போட்டிருக்கும் எடை அட்டைப்பெட்டியோடு சேர்த்தா, தனியாகவா என்று பாருங்கள்.

சொற்பொழிவாளருக்கு மூன்று கால் வேண்டாம், பூமும் வேண்டாம். வட்ட அடித்தட்டு போட்ட நேர் ஸ்டாண்ட் வாங்குங்கள். கழுத்தே இல்லை என்றால் எது தொங்கும்? நின்று பேசுகிறவருக்கு முன்னால் மேஜையோ ஆர்மோனியமோ கிடையாது, மைக்கை நீட்ட வேண்டிய தேவை இல்லை. கால் தடுக்காது, இடமும் அடைக்காது. நம் பக்கத்துப் பழைய மைக் செட்காரர்கள் வைத்திருந்த வார்ப்பிரும்பு அடி ஸ்டாண்டுகள் இந்த ஜாதிதான். முப்பது வருஷம் ஆனது இன்னும் கல்யாண மண்டபங்களில் நிற்கிறது. அடித்தட்டு குறைந்தது மூன்றரை கிலோவாவது இருக்கட்டும். ஒரு குறை உண்டு: தரை சமமாக இல்லையென்றால் வட்ட அடி தள்ளாடும். பாதி ஜமுக்காளத்தின் மேலும் பாதி வெறுந்தரையிலுமாக வைத்தாலும் அப்படியே. ஜமுக்காளம் என்றதும் ஞாபகம் வருகிறது. பஜனை முடிவதற்குள் யாராவது ஒரு மாமா ஜமுக்காளத்தைச் சுருட்ட ஆரம்பித்துவிடுவார். ஸ்டாண்ட் எதுவானாலும் வெறுந்தரையில் நிற்பது நல்லது.

கடைக்குப் போகும்போது இரண்டு பொருள் எடுத்துப் போங்கள். ஒன்று, உங்கள் மைக்கின் ஹோல்டர், அதாவது ஸ்டாண்ட் நுனியில் மைக்கைப் பிடித்திருக்கும் கவ்வி. இன்னொன்று, மஞ்சப்பையில் ஒரு அரை லிட்டர் பால் பாக்கெட்.

பால் பாக்கெட் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். சாதாரண மைக்கின் எடையைவிட அதிகம், அதுதான் வேண்டும். பூம் கம்பியைத் தரைக்கு இணையாக முழுசாக நீட்டுங்கள். பிடியை விரலால் இறுக்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டாம். நுனியில் மஞ்சப்பையை மாட்டி, பின்னால் அலமாரியில் ஏதாவது ஒரு கோட்டுக்கு நேராக நுனி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேரம் பேசிக்கொண்டே ஐந்து நிமிஷம் விடுங்கள். நுனி ஒரு விரற்கடை இறங்கியிருந்தால் அது வேண்டாம். கடைக்காரர் முறைப்பார். முறைக்காமல் சிரிக்கிற கடைக்காரர் கிடைத்தால் அவரிடமே வாங்குங்கள். அடுத்து, நடுக்கம்பியைப் பாதி உயர்த்தி லாக்கை இறுக்கி, மேலிருந்து உள்ளங்கையால் அழுத்துங்கள். சறுக்கி இறங்கக் கூடாது. ஆறையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒரே பெட்டியில் வந்தவற்றிலேயே இரண்டு ஒரு மாதிரியாகவும் நான்கு வேறு மாதிரியாகவும் இருப்பது எனக்குப் புதிதில்லை.

ஹோல்டர் எதற்கென்றால், மரை. உலகத்தில் மைக் ஸ்டாண்டுக்கு இரண்டு மரை அளவுதான் பெரும்பாலும் புழக்கத்தில் இருக்கின்றன. அமெரிக்க வழக்கம் 5/8 அங்குலம், அங்குலத்துக்கு 27 சுற்று. விட்டம் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். ஐரோப்பிய வழக்கம் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 16 சுற்று, ஏறக்குறைய 9.5 மில்லிமீட்டர். சந்தையில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. பெரிய ஹோல்டரைச் சின்ன மரையில் மாட்ட, நடுவில் செருகும் பித்தளை அடாப்டர் ஒன்று உண்டு. விலை சில பத்து ரூபாய். ஸ்டாண்ட் நுனியில் ஏற்கெனவே மாட்டியே வரும். ஒரு வருஷத்துக்குள் எங்கேயாவது ஹோல்டரோடு கழன்று தொலையும். ஆறு ஸ்டாண்டுக்கு நாலு உபரி அடாப்டர் வாங்கி, ஒயர்ப் பெட்டியில் போட்டு வையுங்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கை: மரை சரியாகப் பிடிக்காமல் 'கொஞ்சம் டைட்டாக இருக்கிறது' என்று பலவந்தமாகத் திருகாதீர்கள். மரை போனால் அந்த முனை போனதுதான்.

இனி கம்பெனி. எனக்குத் தெரிந்து ஆயுசுக்கும் நிற்கும் ஸ்டாண்ட் கே அண்ட் எம். ஜெர்மனியில் வெர்ட்ஹைம் ஊரில் 1949இல் தொடங்கிய கம்பெனி. அவர்களுடைய 210/9 என்ற பூம் ஸ்டாண்டை எந்தப் பெரிய மேடையிலும் பார்க்கலாம். மூன்று கிலோவுக்குச் சற்று மேல் எடை. குட்டை ரகத்துக்கு 259. உதிரிபாகம் தனித்தனியாகக் கிடைக்கிறது என்பதுதான் அதன் பெரிய பலம். ஆனால் உங்கள் மொத்தப் பணத்துக்கும் ஒன்றிரண்டுதான் வரும், அதனால் இந்தப் பேச்சு உங்களுக்கு இல்லை. தைவானின் ஹெர்குலிஸ் நன்றாக இருக்கும், அதுவும் இந்தப் பணத்துக்கு எட்டாது. நேர் ஸ்டாண்டுக்கு, மைக் செட் உலகில் நம் நாட்டுக்காரர்கள் எல்லோரும் அறிந்த அஹுஜாவின் ரகங்களைப் பார்க்கலாம். ஊர்ப்பக்கம் கிடைக்கும், விலையும் கைக்கு எட்டும். மற்றபடி சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் மாவட்டத் தலைநகரிலோ கடைகளில் தொங்குகிற பெயர் தெரியாத ஸ்டாண்டுகளில் பெயரைப் பார்த்துப் பயனில்லை. ஒரே பட்டறையில் செய்த சரக்கு மூன்று பெயரில் வரும். பெயரை விட்டுவிட்டு மஞ்சப்பையை நம்புங்கள்.

விலை கடைக்குக் கடை மாறும். உத்தேசமாக ஐந்து குட்டை ஸ்டாண்டுக்குத் தலா 1,300இலிருந்து 1,600 வரை ஒதுக்குங்கள். நேர் ஸ்டாண்டுக்கு 2,000 வரை போகலாம். மிச்சத்தில் ஹோல்டர், அடாப்டர், ஒயர் கட்டும் வெல்க்ரோ பட்டை. பெட்டி, பை என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள்; கோணிப்பை போதும்.

வளைகிற கூஸ்நெக் கழுத்து வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆர்மோனியத்துக்குச் சரி, பாடுகிறவர்களுக்கு வேண்டாம். மலிவான கூஸ்நெக் ஒவ்வொரு தரம் தொடும்போதும் கறுக் முறுக்கென்று சத்தம் போடும், அது அப்படியே ஸ்பீக்கரில் வரும்.

அந்தப் பழைய நான்கையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கழுத்தைக் கழற்ற முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடிந்தால் உள்ளே வாஷர் பளபளவென்று தேய்ந்தோ எண்ணெய் ஏறியோ இருக்கும். தட்டுகளை ஸ்பிரிட்டால் துடைத்து, உப்புத்தாளால் லேசாக உரசி, புது ஃபைபர் வாஷர் போடுங்கள். அவசரத்துக்கு சைக்கிள் டியூபில் வட்டமாக வெட்டிப் போட்டாலும் ஒரு சீசன் தாங்கும். அந்த இடத்தில் மட்டும் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். "இறுகலாக இருந்தது, எண்ணெய் விட்டேன்" என்று கொண்டுவருகிறவர்களை நான் வருஷத்துக்கு நாலு பேரையாவது பார்க்கிறேன். உராய்வில்தான் அது நிற்கிறது! பிடி சுற்றிக்கொண்டே இருந்தால், அதை எறிந்துவிட்டு அதே மரைக்கு ஏற்ற நட்டு ஒன்றை ஹார்டுவேர் கடையில் வாங்கி மாட்டுங்கள். பார்க்க அழகாக இருக்காது, நிற்கும். கால் நுனி ரப்பர் போயிருந்தால் நாற்காலிக் காலுக்கு விற்கும் ரப்பர் புஷ் அளவு பார்த்து மாட்டலாம்.

அந்த நான்கில் ஒன்றை நேர் ஸ்டாண்டாகவே மாற்றலாம். பூமைக் கழற்றிவிட்டு ஹோல்டரை நேராகக் கம்பி நுனியில் மாட்டுங்கள். கால் உடைந்திருந்தால், வெல்டிங் பட்டறையில் 25 சென்டிமீட்டர் விட்டம், 10 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு இரும்புத் தகடு வட்டமாக வெட்டித் தரச் சொல்லி, நடுவில் குழாயை நிறுத்திப் பற்றவைக்கலாம். அந்தத் தகடு மட்டும் கிட்டத்தட்ட 3.9 கிலோ வரும். அடியில் மூன்று இடத்தில் ரப்பர் ஒட்டுங்கள். மூன்று, நான்கு இல்லை. மூன்று புள்ளி எந்தத் தரையிலும் ஆடாது. இது சரியாக வந்துவிட்டால் புதிதாக நேர் ஸ்டாண்ட் வாங்கும் 2,000 மிச்சம்.

பயன்படுத்துவதில் மூன்றே மூன்று பழக்கம். பூமின் கோணத்தை மாற்றும்போது முதலில் பிடியைத் தளர்த்திவிட்டு மாற்றுங்கள். இறுக்கியபடியே கம்பியைப் பிடித்து வளைப்பதில்தான் வாஷரும் தட்டும் தேய்கின்றன. பூமை எப்போதும் முழுசாக முன்னால் நீட்ட வேண்டும் என்பதுமில்லை. கழுத்துக்குப் பின்னால் ஒரு பங்கு கம்பி நீண்டிருந்தால் அதுவே எதிர் எடை. ஒயரைக் கம்பியில் இரண்டு சுற்று சுற்றி, கால் அருகே கொஞ்சம் தொய்வு விட்டு வையுங்கள்; யாராவது இழுத்தால் தொய்வு போகுமே தவிர ஸ்டாண்ட் வராது.

அப்புறம், ஒவ்வொருவரின் உயரத்தையும் ஒரு தரம் சரியாக வைத்தபின், நடுக்கம்பியில் அந்த இடத்தில் கலர் டேப் ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள். பாடுகிறவர்களுக்குச் சிவப்பு, ஆர்மோனியத்துக்கு மஞ்சள், மிருதங்கத்துக்குப் பச்சை. மார்கழியில் நாலரை மணிக்கு, பாதித் தூக்கத்தில், ஒரு டியூப்லைட் வெளிச்சத்தில் ஸ்டாண்ட் வைக்கப் போவது உங்கள் குழுவில் ஏதோ ஒரு பத்தாம் வகுப்புப் பையன்தான். அவனுக்கு நிறம் தெரிந்தால் போதும்.